அயனிச்சக்கையில் பழுத்த புறணி

மலை முடிந்து ரப்பர் தோட்டம் தொடங்குகிற இடத்தில், இது வருவாய்த்துறை நிலம் என்று வனத்துறையும் இது வனத்துறை நிலம் என்று வருவாய்த்துறையும் ஒருவருக்கொருவர் மரியாதையோடு விட்டுக்கொடுத்த ஒரே காரணத்தால் எந்தக் கோடாலியும் படாமல், நாலு ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில், வானத்துக்குப் பாதிவழி போன பிறகுதான் கிளை விடலாமா என்று யோசித்த ஓர் அயனி மரம் கூவைக்கோணத்தில் நின்றது. பலாவுக்கு ஏழைத் தங்கச்சி என்று அயனியைச் சொல்லலாம். சக்கை என்று அந்தப் பக்கம் சொல்லும் பழம் கைக்குள் அடங்கும், முள்ளுத்தோலை விரலாலேயே உரித்துவிடலாம், உள்ளே மஞ்சளும் சிவப்பும் கலந்த சின்னச் சின்னச் சுளைகள், சுளைக்குள் வறுத்துத் தின்னக் கொட்டை. கோடைதோறும் மரம் பழுத்தது, ஊர் தின்றது, மிச்சத்தை வவ்வால் தின்றது. இனிப்பைத் தவிர வேறு எதையும் அது யாருக்கும் கொடுத்ததாகப் புகார் இல்லை.

அந்தக் கோடையில் கொடுத்தது.

மிக்கேல் என்கிற மரமேறி உச்சிக்கவட்டில் உட்கார்ந்து அவ்வருஷத்தின் முதல் பழத்தை உரித்து முதல் சுளையை வாயில் போட்டபோது, அவன் வலது காதுக்குள் அவனுடைய மச்சினன் சேவியரின் குரல், பக்கத்துக் கிளையில் இருந்து சொல்கிற மாதிரி, "குரங்குக்கும் மிக்கேலுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் ஓய், குரங்கு எப்பமாவது குளிக்கும்" என்றது. கூடவே நாலைந்து பேர் சிரித்தார்கள். மிக்கேல் சுற்றிப் பார்த்தான். கீழே ஊர் இருந்தது, மேலே வானம் இருந்தது, இரண்டிலும் சேவியர் இல்லை. இரண்டாவது சுளையில் அவன் மனைவி வந்தாள், மூன்றாவதில் அவனைப் பெற்ற தாய் வந்தாள், எல்லோரும் குளியலைப் பற்றியே பேசினார்கள். பழத்தைக் கடைசிச் சுளை வரை தின்று முடித்துவிட்டுக் கீழே இறங்கி, முதலில் ஆற்றுக்குப் போய்க் குளித்தான். பிறகு சேவியர் வீட்டுக்குப் போய் அவன் கன்னத்தில் ஒன்று கொடுத்தான். அறை வாங்கிய சேவியர் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் கோபப்படவில்லை. "எனக்கும் ஒரு சக்கை பறிச்சுத் தா" என்றுதான் கேட்டான்.

ஊரின் குணம் அதுதான். மரம் ஏன் இப்படிச் செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. காரணம் கேட்பது வெளியூர்க்காரர்களின் பழக்கம். கூவைக்கோணத்துக்காரர்கள் கேட்டது, என்னைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டுமே. ஒரு சுளைக்கு ஒரு புறணி, அதுவும் சொன்னவருடைய குரலிலேயே, இருமல் இருந்தால் இருமலோடு, காதுக்குள் வந்து விழுந்தது. முகத்துக்கு நேரே சொன்னது எதுவும் வரவில்லை. அப்படி வர வேண்டிய அளவுக்கு முகத்துக்கு நேரே யாரும் எதையும் சொல்லியிருக்கவும் இல்லை.

முதல் வாரத்தில் ஊரில் அடி நடந்தது. இரண்டாவது வாரத்தில் அடிப்பதற்கு ஆள் மிச்சமில்லாததால் நின்றது. சர்ச் பாடகர் குழு சோப்ரானோ, ஆல்ட்டோ என்று குரல்வாரியாகப் பிரிந்திருந்தது போக, குழுவில் பாடும் எஸ்தரைப் பற்றிப் பேசியவர்கள், எஸ்தரால் பேசப்பட்டவர்கள் என்று புதிதாகப் பிரிந்து பாடியது. கேட்டவர்கள் முன்னைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நிச்சயமாகியிருந்த கல்யாணம் ஒன்று நின்றது. மாப்பிள்ளை வீட்டார் பேசியதும் பெண் வீட்டார் பேசியதும் தராசில் வைத்தால் சமமாக இருப்பது தெரிந்ததும், இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் அமையாது என்று மறுபடி நடந்தது. சிலர் பஸ் பிடித்து எல்லையைத் தாண்டிப் போய், பழத்துக்குத் தமிழ்தானே தெரியும் என்று மலையாளத்தில் புறணி பேசிவிட்டு வந்தார்கள். பழம் அதை மலையாளத்திலேயே கொண்டுசேர்த்தது, உச்சரிப்புப் பிழை உட்பட. வாட்ஸாப்பில் எழுதினால் பழத்துக்கு எட்டாது என்று யாரோ கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, பள்ளிக்கூடமும் அறிவொளி இயக்கமும் எத்தனையோ வருஷம் முயன்று தோற்ற காரியம் ஒரே மாதத்தில் நடந்தது: ஊரில் எழுதத் தெரியாத ஒரு கிழவிகூட மிச்சமில்லை. கண் மங்கியவர்கள் புருவத்தால் பேசினார்கள். இடது புருவம் ஒரு தடவை ஏறினால் பஞ்சாயத்துத் தலைவர், இரண்டு தடவை ஏறினால் அவருடைய இரண்டாவது வீடு.

பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. போதகர் ஞாயிற்றுக்கிழமை ஆதியாகமத்தைத் திறந்து, ஒரு மரத்தின் கனியைத் தின்றதால் மனுக்குலம் பட்ட பாட்டை விளக்கி, யாரும் அயனி மரத்தடிக்குப் போகக் கூடாது என்று கண்ணீரோடு கேட்டுக்கொண்டார். ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கும்போது அவர் விரல்களில் அயனிப்பால் பிசுபிசுவென்று ஒட்டியது. பகவதி கோயில் கமிட்டி மரத்துக்குச் சிவப்புப் பட்டு கட்டி முன்னால் ஓர் உண்டியல் வைத்தது. உண்டியல் வைத்த மறுநாளே இரண்டு துறைகளுக்கும் மரம் தங்களுடையதுதான் என்று ஞாபகம் வந்து, இரண்டு பலகைகள் நட்டார்கள். எங்கிருந்தோ ஜீப்பில் வந்த ஆராய்ச்சிக்காரர்கள் பழத்தைப் புட்டியில் போட்டு எடுத்துப்போய், நார்ச்சத்து நன்றாக இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் மரத்தடியிலேயே ஆசைக்கு ஒரு சுளை தின்றார். அவர் திரும்பும்போது ஜீப்பில் ஏறவில்லை, பஸ்ஸில் போனார்.

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்து ஊரே சிரித்து அழுதுகொண்டிருந்தபோது, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அலைந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் ரத்தினபாய்.

ரத்தினபாய் அண்டியாபீஸில் வேலை பார்த்தாள். முந்திரிக்கொட்டையை அண்டி என்றும் அதை உடைக்கும் ஆலையை ஆபீஸ் என்றும் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். ஆபீஸ் என்று பெயர்தானே தவிர அங்கே நாற்காலி ஒன்றே ஒன்று, அதுவும் மேஸ்திரிக்கு. பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, வறுத்த அண்டியைக் கட்டையால் தல்லித் தல்லிப் பருப்பை எடுக்க வேண்டும். கைக்குத்தான் வேலை. வாய் சும்மா இருக்கும். அந்த வாய்களுக்கெல்லாம் கல்யாணமாகி வந்த நாள் முதல் தீனி போட்டுக்கொண்டிருந்தவள் ரத்தினபாய், அவள் போட்ட தீனி அவளுடைய வீட்டுக்காரன் தாசையன்.

தாசையன் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறவன். பேசுவதில்லை. ஊமை என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது தப்பு, ஊமையாவது கையை ஆட்டுவான். "அந்த ஆளக் கெட்டினது சொவரக் கெட்டினது மாதிரியாக்கும், சொவருலயாவது ஒரு ஆணி அடிக்கலாம்" என்று ரத்தினபாய் சொன்னால் அண்டியாபீஸின் ஓட்டுக்கூரை அதிரும். "வேலிக்கம்பு ஒண்ணுக்கு வேட்டி கெட்டி விட்டிருக்கேன் பிள்ளே, மழைக்கு ஒருநாள் தழைக்கும்ணு பாத்திட்டிருக்கேன்" என்பாள். "தேனீ கொட்டினாலும் 'ம்'தான், மவ பொறந்தாண்ணு சொன்னப்பளும் 'ம்'தான், நான் செத்தேண்ணு சொன்னாலும் 'ம்'ண்ணுட்டு கஞ்சி எங்கண்ணு தேடுவான்" என்பாள். அவளுக்கு அவன்மேல் பகை ஒன்றும் கிடையாது. எதிரில் கிடந்த கொட்டையை உடைக்கிற மாதிரி எதிரில் கிடந்த மனுஷனை உடைத்தாள், அவ்வளவுதான். ஆனால் அவள் நாக்கிலிருந்து விழுந்த அத்தனையும் இப்போது அந்த மரத்தின் உச்சியில் தாசையனுக்காகப் பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று. தேன்காரனாகிய தாசையனுக்கு இனிப்பு பிடிக்காது. பாயசம் கொடுத்தால் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவான். ஊர் முழுக்கப் பழத்தைத் தின்று ஒருவரையொருவர் பிய்த்துக்கொண்டிருந்தபோது, தாசையன் வழக்கம்போலப் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு வந்து வழக்கம்போல மரச்சீனிக்கிழங்கு தின்றான். ரத்தினபாய் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

ஆனாலும் பயம் போகவில்லை. அண்டியாபீஸில் கூட வேலை பார்க்கும் கனகத்தின் வீட்டுக்காரன் நாலே நாலு சுளை தின்றுவிட்டு வேட்டியை மாற்றிக்கொண்டு தக்கலை பஸ்ஸில் ஏறியவன்தான், இன்றுவரை வரவில்லை. அவன் ஊரில் கடைசியாகச் சொன்ன வார்த்தை "டிக்கெட்டு." தாசையன் அடிக்கிற ஆளில்லை, ஏசுகிற ஆளில்லை, அதுதான் பயம். அவனும் ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் தேன்பெட்டிகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடுவான், போய்விட்டான் என்பதே அவளுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைக்கும்.

அப்போதுதான் பஞ்சாயத்துத் தலைவர் ஜஸ்டஸுக்கு ஊரை ஒன்றுசேர்க்கும் யோசனை வந்தது. அவர் தம் பங்குக்குப் பழம் தின்று, கேட்டதைத் தாங்க முடியாமல், தம்மைப் பின்னால் புகழ்ந்து பேச இரண்டு பேரை வேலைக்கு வைத்திருந்தார். அவர்கள் நாள் முழுக்கத் தெருமுக்கில் நின்று தலைவரைப் புகழ்ந்தார்கள். அவர்களைப் பற்றி ஊர் பேசியதை அவர்களே தின்று கேட்டுவிட்டு வேலையை விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அறிவிப்பு வந்தது: சாமியார் தோப்பில் சமாதான விருந்து. எல்லோரும் வர வேண்டும், ஆளுக்கொரு பழத்தை எல்லோர் முன்னாலும் தின்று தீர்த்து, எல்லாவற்றையும் எல்லோரும் மன்னித்து, கைகொடுத்துக் கலைய வேண்டும். வராதவன் மனதில் என்ன வைத்திருக்கிறான் என்று ஊர் யோசிக்கும் என்பதையும் தலைவர் அன்போடு சேர்த்துக்கொண்டார்.

"தாசையன் அண்ணனும் வரணும் மைனி" என்று ரத்தினபாய் வீட்டு வாசலிலேயே வந்து நின்று சொன்னார். "அவரப்போல ஒரு வார்த்தை மிண்டாதவங்கதான் ஊருக்கு முன்மாதிரி."

தாசையன், "ம்" என்றான்.

ரத்தினபாய் அன்று பக்கத்து வீட்டுச் சரோஜத்திடம் ஓடினாள். சரோஜம் அண்டியாபீஸில் அவளுக்கு அடுத்த ஆளாக உட்காருகிறவள், அயனிச்சக்கை விஷயத்தில் ஊரின் வல்லுநர்.

"சக்கைக்கு ஒரு கணக்கிருக்கு பிள்ளே" என்றாள் சரோஜம். "கடைசியா பேசினது மொதச் சக்கையில வரும். பழைய பேச்சு அதுக்கு அடுத்த சக்கையில. அவரு ஒரே ஒரு சக்கைதானே திங்கப்போறாரு? அது நெறைய நல்ல பேச்சா ரொப்பிப்போடு. பழையது அடியில கெடந்து அழுவட்டும்."

"நல்ல பேச்சா? அவரப் பத்தியா?"

"அதுதான் கஷ்டம்" என்று சரோஜம் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் அண்டியாபீஸில் கட்டைகள் தாளம் பிடித்ததும் ரத்தினபாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்க ஆளு நல்ல உயரமாக்கும்" என்றாள். சிரிப்பு வரப்போகிறது என்று எல்லோரும் வாயைத் திறந்து காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. "குடியும் இல்ல கெட்ட பழக்கமும் இல்ல" என்றாள். "கையி கொடைவள்ளலுக்க கையி" என்றாள். கட்டைகள் ஒன்றொன்றாக நின்றன. மூலையில் இருந்த ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "டாக்டர் என்ன சொன்னாரு மைனி? எவ்வளவு நாளாம்?"

மாலைக்குள் தாசையன் சாகக்கிடக்கிறான் என்ற செய்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள், ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள், போதகர் எண்ணெய்க்குப்பியோடு வந்து நெற்றியில் தடவி ஜெபித்தார். தாசையன் எல்லாவற்றையும் வாங்கி வைத்து எல்லோருக்கும் "ம்" சொன்னான். இவ்வளவு பேர் ஏன் வந்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. அவள் சொல்லவுமில்லை.

பொய் மூன்றே நாளில் தீர்ந்துபோனது. ஒரு மனுஷனை எத்தனை நாள் உயரம் என்று சொல்ல முடியும்? சரக்கு வேண்டும் என்றால் ஆளைப் பார்க்க வேண்டும். அப்படித்தான் ரத்தினபாய், கட்டிக்கொண்டு வந்து இத்தனை வருஷம் கழித்து, தன் வீட்டுக்காரனைப் பார்க்கத் தொடங்கினாள். பார்த்தவரை உதவாத ஆளாகவே தெரிந்தான். சாப்பிட்டான், முற்றத்தில் துப்பினான், காலை நீட்டி உட்கார்ந்து பெட்டிச் சட்டங்களைச் சுரண்டினான். இதில் எதைக் கொண்டுபோய் ஆபீஸில் மெச்சுவது?

ஒருநாள் வறுக்கும் அடுப்பு கெட்டுப்போனதால் ஆபீஸ் மத்தியானமே விட்டது. ரத்தினபாய் பின்வாசல் வழியாக வந்தாள். அண்டித்தோட்டின் எண்ணெய் பட்டால் கை பொள்ளிக் கறுக்கும். வேலை முடிந்து வந்ததும் துணி துவைக்கும் அலக்குகல்லின் மேல் இருக்கும் சிரட்டையிலிருந்து மெழுகு எடுத்துத் தடவிக்கொள்வது அவள் வழக்கம். அந்தச் சிரட்டை எப்போதும் நிறைந்திருக்கும். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, சிரட்டையில் மெழுகு இருக்கிறது என்பதற்கு மேல் அவள் அதைப் பற்றி எதுவும் நினைத்ததில்லை. அன்று பார்த்தாள். தாசையன் அலக்குகல்லின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சின்னச் சட்டியில் தேன்மெழுகை உருக்கி, தேங்காயெண்ணெய் விட்டுக் கிண்டி, சூடு அதிகமா என்று தன் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, ஊதி ஆற்றி, சிரட்டையில் ஊற்றினான். பிறகு எறும்பு ஏறாமல் சுற்றிலும் கொஞ்சம் சாம்பல் தூவினான். பிறகு போய்விட்டான். அவள் வாழைக்குப் பின்னால் நின்றாள். நெஞ்சுக்குள் என்னமோ செய்தது. சினம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"எனக்க கைக்கு அவருதான் மெழுகு காச்சி வைக்காரு" என்று மறுநாள் ஆபீஸில் சொன்னாள். "எனக்குத் தெரியாது. நேத்துதான் பாத்தேன்." அவ்வளவுதான். அதில் சிரிக்க ஒன்றுமில்லை, யாரும் சிரிக்கவில்லை, எவ்வளவு நாளாம் என்றும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் கறுத்த உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி தல்லத் தொடங்கினாள்.

சமாதான விருந்து நாளில் சாமியார் தோப்பில் பந்தல் போட்டு மைக்செட் கட்டியிருந்தார்கள். "நாம ஒருத்தர ஒருத்தர் ஏசியிருக்கோம், அதனாலதான் நாம ஒரு குடும்பம்" என்று ஜஸ்டஸ் பேசினார். பழம் பரிமாறினார்கள். ஊரே ஒரே நேரத்தில் தின்று, ஒரே நேரத்தில் காதைப் பொத்தி, ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தது. மன்னிப்பும் நடந்தது. கெட்ட வார்த்தைகளுக்கு நடுவே நடந்தாலும் மன்னிப்பு மன்னிப்புதான்.

ரத்தினபாய் தன் பழத்தைத் தொடவில்லை, தாசையனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பழத்தைக் கவனமாக உரித்து, சுளைகளை வாழையிலையில் வரிசையாக வைத்து, மருந்து குடிக்கிற முகத்தோடு ஒன்றொன்றாகத் தின்றான். ஒரு சுளையில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். கடைசிச் சுளைக்கு முந்தியதை வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக மென்றான். முடித்தான். அவள் மூச்சை விட்டாள்.

தாசையன் கையை நீட்டி, பரிமாறுகிறவனிடம், "இன்னொண்ணு" என்றான்.

அவனை அறிந்த எல்லோரும் அந்த வார்த்தையைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சரோஜம் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேண்டாம், உங்களுக்கு இனிப்பு ஆகாது, கேட்டியளா?" என்று ரத்தினபாய் எழுந்தாள். அதற்குள் அவன் உரிக்கத் தொடங்கிவிட்டான். இரண்டாவதைத் தின்றான். மூன்றாவதைக் கேட்டு வாங்கித் தின்றான். சுவரும் ஆணியும் போயின, வேலிக்கம்பு போனது, மகள் பிறந்த அன்றைய 'ம்' போனது, அண்டியாபீஸின் இருபத்தைந்து வருஷச் சிரிப்பும் அவன் வலது காது வழியாக ஒவ்வொன்றாக உள்ளே போனது. காது சிவந்ததே தவிர முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு அவன் வீட்டைப் பார்த்து நடந்தான். பந்தலைக் கடக்கும்போது தக்கலை பஸ் ஹாரன் அடித்தது. ரத்தினபாய் ஓடினாள்.

அவன் பஸ்ஸில் ஏறவில்லை. வீட்டில் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் வாசல்படியில் நின்றாள்.

"என்னமாவது சொல்லுங்க" என்றாள். "ஏசுங்க. இந்தச் சட்டத்த எடுத்து எறியுங்க."

அவன் சட்டத்தை எடுத்துப் பக்கத்தில் ஒதுக்கி வைத்தான்.

"மொதச் சக்கை சப்புண்ணு இருந்து" என்றான்.

"ம்?" என்றாள் அவள், வாழ்நாளில் முதல் தடவையாக.

"சத்தம் உனக்க சத்தம்தான். பேசினது யாருண்ணு தெரியல்ல. உயரம்ங்கா, கொடைவள்ளல்ங்கா. வேற எவனையாவது சொல்லுகாளோண்ணு நான் திரும்பிப் பாத்தேன். அந்த மெழுகு காரியம் ஒண்ணு கொள்ளாம், நல்லா இருந்து. மத்தபடி ரெண்டாவது சக்கையிலதான் நீ வந்த."

"கோவம் இல்லியா?"

"வேலிக்கம்புக்கு வேட்டி" என்றான் தாசையன். அவன் உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். பழநார் பல்லில் சிக்கியிருக்கவும் கூடும்.

ரத்தினபாய்க்கு அந்த நிம்மதி மறுநாள் காலை முகம் கழுவுகிற வரைக்கும் நீடித்தது. முகத்தில் தண்ணீர் பட்டதும் ஒரு நினைப்பு வந்தது: நான் சொன்னதையெல்லாம் இவன் கேட்டுவிட்டான். இவன் என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறான்? அவனைக் காவல் காக்கிற வேலையில் அவள் ஒரு சுளையும் தின்றிருக்கவில்லை. உடனே மிக்கேலைப் பிடித்து ஒரு கடவம் நிறையப் பழம் பறித்துக் கொண்டுவரச் செய்து, அடுக்களையில் உட்கார்ந்து உரித்துத் தின்னத் தொடங்கினாள்.

முதல் சுளையில் சரோஜம் வந்தாள்: "ரத்தினபாய்க்க நாக்க அறுத்துப் போட்டா அது தனியா கெடந்து அஞ்சு நிமிசம் பேசும்." நன்றாகச் சொல்லியிருக்கிறாளே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். போதகர் மனைவி வந்தாள், மேஸ்திரி வந்தான், திங்கள்சந்தையில் கட்டிக்கொடுத்த மகள் வந்தாள், என்றோ பார்த்த ஒரு பஸ் கண்டக்டர்கூட வந்து அவள் சில்லறை கேட்ட விதத்தைப் பற்றி டிரைவரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். தாசையன் வரவில்லை. அடுத்த பழம், அதற்கும் அடுத்தது, வயிறு கல்லாகிற வரைக்கும், கடவத்தின் அடி தெரிகிற வரைக்கும், கல்யாணத்தன்று பந்தியில் பேசிய பேச்சு வந்து அதற்குமேல் பேச்சே இல்லை என்றாகிற வரைக்கும் தின்றாள். வரவே இல்லை.

அவன் கிழங்குக்கு வந்து உட்கார்ந்தபோது அவள் தொலிக் குவியலுக்கு நடுவில் இருந்தாள்.

"ஒரு வார்த்தை" என்றாள். "என்னப் பத்தி ஒரே ஒரு வார்த்தை, ஒரு மனுசனிட்ட, ஒரு ஈயிட்ட நீங்க பேசினது உண்டா?"

"இல்லியே."

"நான் அவ்வளவு பேசியிருக்கேன் உங்களப் பத்தி! நாக்கு தேய! எதுக்கு? நெனப்புல நீங்க கெடந்திய, அதனால பேசினேன். உங்களுக்கு நான் எதுல கெடந்தேன்? ஒரு குத்தம் சொல்லக்கூடவா நான் லாயக்கில்ல?"

"என்ன குத்தம் சொல்ல?"

"இதக்கூட நானா சொல்லித்தரணும்?" என்று கத்தினாள். அதுதான் அப்போதைக்கு அவள் பேசிய கடைசிப் பேச்சு.

அன்றிலிருந்து ரத்தினபாய் வாயைத் திறக்கவில்லை. வீட்டிலும் இல்லை, ஆபீஸிலும் இல்லை. அண்டியாபீஸில் பருப்பு ஒழுங்காக உடையவில்லை என்று மேஸ்திரி வந்து அவளிடம் கெஞ்சிப் பார்த்தான். பறவை இடம் மாறுவதையும் ஆறு வற்றுவதையும் கண்டும் காணாமல் இருந்த ஊர், ரத்தினபாய் பேசாததைக் கண்டு நிஜமாகவே பயந்தது. வரப்போகும் இடவப்பாதி மழைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று சிலர் விசாரித்தார்கள்.

மரம் காலியாகிக்கொண்டிருந்தது. மழை தொடங்குவதற்கு முந்தைய மத்தியானம் மிக்கேல், குளித்துத் தலை சீவிய கோலத்தில், வாசலில் வந்து நின்றான்.

"உச்சியில இது ஒண்ணுதான் மைனி மிச்சம். தாசையன் அண்ணன் உங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு. கொச்சுமணிக்க சலூன்ல காலையிலேருந்து உச்சவரைக்கும் இருந்தாரு. முடி வெட்டவும் இல்ல, சவரம் பண்ணவும் இல்ல, சும்மா இருந்தாரு."

அவள் பழத்தை வாங்கிப் படியிலேயே உட்கார்ந்து உரித்தாள். சின்னப் பழம். முதல் சுளையைப் போட்டாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்டு, நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள், மறுபடி செருமினார்கள், அதிலேயே பாதிச் சுளை தீர்ந்தது. பிறகு, துருப்பிடித்த கொண்டியைத் திறக்கிற மாதிரி, தாசையனின் குரல்:

"அவ வைக்குத மீன்கறியில புளி கூடுதல்."

ரத்தினபாய்க்குக் கண் விரிந்தது. இரண்டாவதைப் போட்டாள்.

"சொன்னா கேக்கமாட்டா." "நீரு எப்பம் அண்ணே சொன்னீரு?" என்றது நாவிதன் கொச்சுமணியின் குரல். "சொன்னதில்ல" என்றான் தாசையன்.

மூன்றாவது: "நடந்தா முன்னால போய்டுவா. கல்யாண வீட்டுக்கு நான் போய்ச் சேருகதுக்குள்ள அவ ரெண்டாவது பாயசத்துல இருப்பா."

"பொய்!" என்று ரத்தினபாய் கத்தினாள். "பச்சப் பொய்!" ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் குரல் கேட்டு மிக்கேல் இரண்டு அடி பின்னால் போனான். அவள் முகமெல்லாம் மினுங்கியது. வாயில் சாறு வழிய, ஒரு சுளைக்கு மேல் ஒரு சுளையாக, தான் குடையை எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு அவன்மேல் பழி போடுவதையும், ஜெபக்கூட்டத்தில் கண்ணைத் திறந்து யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணுவதையும், தும்மினால் தேனீ கலைவதையும் கேட்டுக்கொண்டே போனாள். மனுஷன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

கடைசிச் சுளையில் கொச்சுமணி கேட்டான்: "இவ்வளவு குத்தம் இருக்குத ஆளுக்காக்கும் அண்ணே நீரு இப்பிடி மொகம் வாடி இருக்கீரு?"

கொட்டை பல்லில் தட்டுப்பட்டது.

"ஒரு வாரமா அவ மிண்டல்ல ஓய்" என்றது தாசையனின் குரல். "வீட்டுல கடியாரம் ஓடுகது கேக்குது. அது ஒரு மனுசன் கேக்குத சத்தமா?"

ரத்தினபாய் கொட்டையைத் துப்பினாள். முந்தானையால் முகத்தையும், கேட்கிறவர்களுக்குத் தூசி என்று சொல்லிக்கொள்ளும்படியாகக் கண்ணையும் துடைத்தாள். மலைக்கு மேல் கறுத்து வந்தது. முற்றத்தில் தாசையன், எப்போது வந்தான் என்று தெரியவில்லை, மழைக்கு முன்னால் பெட்டிகளின் மேல் ஓலை கட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனிடம் போகவில்லை. இடுப்பில் கை வைத்து வேலியோரம் போய் நின்று, மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி குரலை எடுத்தாள்.

"சரோஜம்! ஏ சரோஜம்! இஞ்ச வா பிள்ளே, இந்த மனுசன் ஊருக்குள்ள போய் என்ன பேசிட்டு வந்திருக்காருண்ணு கேட்டியா? எனக்க மீன்கறியில புளி கூடுதலாம்! வாயில நாக்கு இருக்குண்ணே எனக்கு இண்ணைக்குத்தான் தெரியும், அந்த நாக்குக்கு ருசி வேறயாம்!"

முதல் தூறல் விழுந்தது. தாசையன் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டியபடியே, ஒரு வார்த்தையும் தப்பிவிடக் கூடாது என்று, ஓலையில் போட்டுக்கொண்டிருந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி மெதுவாகப் போடத் தொடங்கினான்.